வலை போர்த்திய புல்

“ரீச்சர், புல்லுக்குக் கீழ ஆர் இருக்கினம்?”

வங்காலை முன்பள்ளியில் படித்த றெனால்ட் என்ற சின்னப் பிள்ளை ஒருநாள் காலை இப்படிக் கேட்டான். புற்றரையில் குப்புறப் படுத்து, ஒரு காதை நிலத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்டான்.

“ஒருத்தருமில்லை. மண்தான். எழும்பு, சட்டை ஊத்தையாகுது” என்றாள் றஞ்சிதம்.

பிள்ளையின் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அவளுக்கு அன்றைக்குப் பொறுமையில்லை. அவள் கோபத்தில் இருந்தாள். றஞ்சிதம் ரீச்சர் கோபத்தில் இருப்பது ஊருக்குப் புதினமுமில்லை. “கோயில் மணி ஒருநாள் பிந்தினாலும் என்ர மனுசியின்ர வாய் பிந்தாது” என்று அவளுடைய கணவன் பஸ்ரியனே சொல்லிச் சிரிப்பான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலாவதாகக் கஞ்சி கொண்டு ஓடுவதும் அவள்தான். ஆனால் கஞ்சியை நீட்டும்போதே, “மழையில நனையவிட்டிட்டு இப்ப முழுசுறியோ?” என்று தாயை ஏசிவிட்டுத்தான் நீட்டுவாள்.

அன்றைய கோபம் பறவைகள் மேல். மாரி மழை ஓய்ந்து, தை வெயில் இதமாக அடிக்கிற நேரம். புல் தளிர்விட வேண்டிய காலம். அந்தக் காலம் பார்த்து மைனாவும் காகமும் கொக்கும் கூட்டமாக வந்து இறங்கி, புற்றரையைக் கொத்திக் கொத்திக் கிளறிப்போட்டன. விடியப் பார்த்தால் முன்பள்ளி முற்றம் அம்மை வந்த முகம்போலக் கிடந்தது.

அந்தப் புல் தானாக முளைத்ததல்ல. வளவு முன்பு வெறும் மணல். பங்குனி வெயிலில் அடுப்பில் வைத்த தாச்சிபோலச் சுடும். மழை பெய்தால் நெருஞ்சி படரும். செருப்புப் போட்ட பிள்ளைகள் ஓடி விளையாடும். செருப்பில்லாத பிள்ளைகள் படியில் இருந்து பார்க்கும். எந்த வீட்டில் இல்லாமை என்று ஊருக்கே விளம்பரம் செய்கிற நிலமாக அது இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க றஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் அவள் புல் நட்டாள். தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போய்க் குளக்கரையில் புல் பிடுங்கி, மணலோடு வண்டல் கலந்து, துண்டு துண்டாக ஊன்றி, கிணற்று நீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். புல் பிடித்தது. முதல்நாள் எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். யாருடைய செருப்பு எது, யாருக்குச் செருப்பே இல்லை என்று அன்றைக்கு எவருக்கும் தெரியவில்லை. கோபத்திலிருந்தும் கடவுள் சில நேரம் நல்லதை எடுக்கிறார்.

பெற்றோர் சங்கத் தலைவர் அலெக்ஸாண்டருக்கு அந்தப் புல் பிடிக்கவில்லை. அவர் படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டி. எதையும் ஒருதரம் செய்தால் திரும்பப் பார்க்கத் தேவையிருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி.

“மன்னார் ரவுணில எண்டாலும் புல்லைக் கழுதையாவது தின்னும். இஞ்ச ஆருக்கு ரீச்சர் வளர்க்கிறியள்? இன்ரலொக் கல்லைப் பதிச்சு விட்டா ஒரு கரைச்சலுமில்லை.”

“கல்லில விழுந்தா முழங்கால் உடையும், சம்மாட்டியார்.”

“விழாமல் ஓடப் பழகட்டும்.” பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, உயிர்த்த ஞாயிறு முடிய விளையாட்டு விழா வருகுதெல்லோ? அண்டைக்குப் புல்லு பச்சையா இருந்தா நான் வாயே திறக்கமாட்டன். இல்லையெண்டா அடுத்த கிழமை கல்லு வரும். சொல்லிப்போட்டன்.”

றஞ்சிதம் அதை ஒரு சண்டையாகவே எடுத்துக்கொண்டாள். சிலாவத்துறை ஜுனைதீனுக்குப் போன் எடுத்து எரு கேட்டாள். ஜுனைதீன் நறுவிலிக்குளத்து மாட்டுப் பட்டிகளில் எரு சேர்த்து, மக்கவைத்து, லான்மாஸ்டர் என்கிற கை உழவு மெசினின் பெட்டியில் ஏற்றி ஊரூராகக் கொடுக்கிறவன். அவன் மனைவி சபூராவும் பெட்டியின் ஓரத்தில் இருந்து கூடவே வருவாள். இருவருமாகக் கிணற்றடியில் தொடங்கி எருவைப் பரவினார்கள். கிணற்றடிப் புல் மிதிபட்டு மெலிந்திருந்ததால் அங்கே தடிப்பாகப் போட்டார்கள். கேற் வாசலடிக்கு வரமுன் எரு முடிந்துவிட்டது.

“மிச்சத்துக்கு அடுத்த நடை வாறன் ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எரு போட்டபிறகுதான் பறவைகள் இன்னும் கூடின. அவள் கல்லெறிந்தாள். தகரத்தில் தட்டினாள். பிள்ளைகளைக் கத்தச் சொன்னாள். பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்தின; மைனாக்கள் அதை வரவேற்பாக எடுத்துக்கொண்டன. கடைசியில் பஸ்ரியன் ஒரு வழி சொன்னான்.

“இஞ்சரும், கொட்டிலுக்க பழைய நைலோன் வலை கிடக்கு. அதை மேல விரிச்சு விடுவம். கடலுக்க மீனையே மறிக்கிற வலை, கரையில காகத்தை மறிக்காதோ?”

கடற்கரை ஊரில் வலையைவிடப் பெரிய மருந்து ஏது? கோழிக்கும் வலை, பயற்றங்கொடிக்கும் வலை, தொட்டிலுக்கும் வலை. பஸ்ரியனும் கூட்டாளி மில்ரனும் நாலு மூலையிலும் தடி அறைந்து வலையை இழுத்துக் கட்டினார்கள். கிணற்றடிவரை எட்டாமல் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை என்று விட்டார்கள். பிள்ளைகளைச் சில கிழமைக்குக் கொட்டகைக்குள்ளேயே விளையாடவிட்டு, புல்லுக்கு ஓய்வு கொடுத்தாள் றஞ்சிதம். பறவைகள் வலைமேல் வந்து குந்திப் பார்த்தன, கத்தின, போய்விட்டன. ஊரே வந்து பார்த்துப் பாராட்டியது.

மாசி பிறக்கப் புல் மஞ்சளானது. முதலில் ஒரு கையகலம், பிறகு ஒரு பாயகலம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் காய்ந்தது. ஒருநாள் வலைக்குக் கீழே கையை விட்டுப் புல்லைப் பிடித்து இழுத்தாள். வேரில்லாமல், விரித்த பாயைத் தூக்கினதுபோல முழுதாகக் கையோடு வந்தது. கீழே, ஈர மண்ணில், வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன புழுக்கள். பழுப்புத் தலை, கொழுத்த உடம்பு. கிளறின இடமெல்லாம் புழு.

றஞ்சிதத்துக்கு உச்சியில் ஏறியது. எருக்குப்பையில் இப்படிப் புழுக் கிடப்பதை அவள் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறாள். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு சிரட்டை நிறையப் புழுவை அள்ளிக்கொண்டு கோயிலடிச் சந்திக்கு நடந்தாள். அன்றைக்கு ஜுனைதீன் வேறொரு வீட்டுக்கு எரு கொண்டுவந்து, சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் லான்மாஸ்டரை நிற்பாட்டியிருந்தான். மீன் வாங்க நின்ற சனமும் நிறைய.

சிரட்டையை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

“ஜுனைதீன் நானா, இதென்ன?”

அவன் குனிந்து பார்த்தான். “புழு ரீச்சர்.”

“புழுவெண்டு எனக்குத் தெரியாதோ? எருவெண்டு சொல்லிப் புழுவைக் கொண்டுவந்து பிள்ளையளின்ர வளவில கொட்டியிருக்கிறியள்!”

“பச்சை எருவில புழு இருக்கும்தான். நான் தந்தது மக்கி ஆறின எரு. கையால உடைச்சுப் பாத்துத்தான் ஏத்தினன்.”

“அப்ப இது வானத்தில இருந்து விழுந்ததோ?”

தேத்தண்ணியோடு நின்ற மில்ரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “நானா, அடுத்தமுறை எருவை வேறயா, புழுவை வேறயாத் தாங்கோ. எங்களுக்குத் தூண்டிலுக்கெண்டாலும் உதவும்.”

சனம் சிரித்தது. கோபத்துக்குச் சிரிப்புப் போல் எண்ணெய் வேறில்லை. ஜுனைதீன் ஏதோ சொல்ல வாயெடுக்க, றஞ்சிதம் விடவில்லை.

“ஒண்டும் கதைக்காதேங்கோ! உங்கட ஆக்களை நம்பினனே, அதுதான் என்ர பிழை.”

சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. ‘உங்கட ஆக்கள்’ என்ற சொல்லை ஜுனைதீன் இளம் வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் துரத்தின நாளில், ஒருமுறை கேட்டிருக்கிறான். அதைக் கேட்ட கையோடு, உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, கலியாணம் முடித்து, சண்டை ஓய்ந்தபின் திரும்பி வந்து காடாகிப்போன தன் காணியை வெட்டித் துப்புரவாக்கினவன் அவன். அவன் லான்மாஸ்டரின் கைபிடியைப் பிடித்தான். சபூராதான் பெட்டியில் எழுந்து நின்றாள்.

“ரீச்சர், என்ட மாப்பிள்ளையை ஏசினீங்க, பொறுத்துக்கிட்டிருந்தன். ஆக்களை ஏன் இழுத்தீங்க? எங்கட ஆக்கள் முழுக்க வந்தா உங்கட புல்லைத் தின்டிச்சி?”

வண்டி திரும்பிப் போனது. அதன்பிறகு ஜுனைதீன் வங்காலைப் பக்கம் வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. புழு எரு என்ற பேர் அச்சங்குளம் வரைக்கும் போய்விட்டதாகக் கேள்வி.

தவக்காலம் தொடங்கியது. அலெக்ஸாண்டர் அளவு நாடாவோடு வந்தார்.

“ரீச்சர், கல்லுக்குச் சொல்லவோ? இல்லாட்டி ஒரு வழியிருக்கு. கடையில நஞ்சுத் தூள் விக்கிறாங்கள். தூவிவிட்டாப் புழு துலைஞ்சுது.”

“பிள்ளையள் புல்லில உருண்டிட்டு விரலை வாயில வைக்கிறதுகள். நஞ்சைத் தூவச் சொல்லுறியளோ? உங்கட பேரனும் இஞ்சதான் படிக்கிறான்!”

“அப்ப கல்லு” என்று நாடாவை இழுத்தார்.

“விழா இன்னும் வரேல்லை! நாடாவைச் சுருட்டுங்கோ!”

அவர் சுருட்டிக்கொண்டு போனார். ஆனால் றஞ்சிதத்துக்கு உள்ளே நம்பிக்கை அற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் விடியற்பூசை முடிந்து நேரே வளவுக்கு வந்தாள். செத்த புல்லைப் பிடுங்கி ஒதுக்குவோம் என்று கிணற்றடியால் சுற்றி வந்தவள், அப்படியே நின்றாள்.

கிணற்றடிப் புல் பச்சையாக நின்றது. பச்சை என்றால், கண் கூசுகிற பச்சை. அதற்குள் மைனாக்கள் நடந்து திரிந்தன. ஒன்று தலையைச் சரித்துப் பார்த்தது. அலகை மண்ணுக்குள் விட்டது. வெள்ளைப் புழு ஒன்றை இழுத்து எடுத்து, நிலத்தில் இரண்டு தரம் அடித்து விழுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் ஒரு புழு.

ஜுனைதீன் எருவைத் தடிப்பாகப் போட்ட இடம் கிணற்றடிதான். வலை எட்டாத இடமும் அதுதான். றஞ்சிதம் கேற் வாசலுக்கு ஓடினாள். எரு ஒரு கைப்பிடிகூட விழாத இடம் அது. வலைக்குக் கீழே அந்த இடமும் செத்து வைக்கோலாகக் கிடந்தது. இழுத்தாள், பாயாகக் கையோடு வந்தது, அடியில் புழு. எரு விழாத நிலத்துக்கு எருவிலிருந்து புழு எப்படி வரும்?

அப்போதுதான் ஐப்பசி முதல் மழை நினைவுக்கு வந்தது. அந்த இரவுகளில் கேற்று விளக்கைச் சுற்றிப் பழுப்பு வண்டுகள் அப்பிக்கிடந்தன. விடியக் கூட்டி அள்ளினாள். அள்ளினவை போக மிச்சம் புல்லுக்குள் இறங்கி முட்டையிட்டிருக்கும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. பறவைகள் புல்லைத் தின்ன வரவில்லை. அவள் கூப்பிடாமலே வேலைக்கு வந்திருந்தன. அவற்றைக் கல்லால் எறிந்து, வலை கட்டித் துரத்தி, புழுவுக்குக் காவல் போட்டது அவளேதான்.

வீட்டிலிருந்து பஸ்ரியன் வந்தபோது அவள் வெறுங்கையால் வலையைக் கிழித்துக்கொண்டு நின்றாள்.

“ஏய், மெல்ல, மெல்ல! நல்ல வலையப்பா!”

“நல்ல வலையோ? புழுவுக்குக் கூரை போட்டுக் குடுத்த வலை!”

அவள் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுவிட்டுப் பஸ்ரியன் சிரித்தான். “அப்ப அரசாங்கம் எங்களுக்குத் தராத வீட்டுத்திட்டத்தை நீர் புழுவுக்குக் குடுத்திருக்கிறீர்.”

“சிரியாதேங்கோ! ஒரு மனுசனை நடுச் சந்தியில வைச்சுச் சாகடிச்சுப்போட்டன், நீங்கள் சிரிக்கிறியள்!”

அவன் சிரிப்பு நின்றது. மற்ற மூலைத் தடியைப் பிடுங்கினான்.

வலை போனதும் பறவைகள் வந்தன. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சிரட்டை கொடுத்து, செத்த இடங்களைக் கிளறிப் புழுப் பொறுக்கவிட்டாள்; அவர்களுக்கு அதைவிடப் பெரிய விழா வேண்டியிருக்கவில்லை. பொறுக்கினதை அயல் வீட்டுக் கோழிகள் தின்றன. கிளறின மண்ணில் கிணற்றடிப் புல்லைக் கிள்ளி ஊன்றினாள். பின்னேரத்தில் ஊற்றி இரவெல்லாம் ஈரம் நிற்கவிடாமல், காலையில் ஊற்றினாள். புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்தினாள். கேற்று விளக்கை இரவில் அணைத்தே வைத்தாள். மெல்ல மெல்லக் கொடி ஓடி, மண்ணுக்குத் தையல் போடத் தொடங்கியது.

ஆனால் அவளுக்குப் பூசையில் நற்கருணை வாங்கி நன்மை எடுக்கப் போக முடியவில்லை. வரிசையில் எழுந்து நிற்பாள், ‘உங்கட ஆக்கள்’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும், திரும்பிவந்து இருப்பாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து சனம் சந்தியில் கூடினபோது, தேத்தண்ணிக் கடை வாசலில் ஏறி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்கோ. ஜுனைதீன் நானாவின்ர எருவில ஒரு பிழையுமில்லை. பிழை என்ர வலையில. நான் அண்டைக்கு அவரைச் சொன்னது பொய். அவற்ர ஆக்களைச் சொன்னது பாவம்.”

மில்ரன் விடுவானா? “என்ன ரீச்சர், பாவசங்கீர்த்தனம் சந்தியிலயோ?”

“ஓம். பாவமும் சந்தியிலதானே செய்தனான். நீயும் அண்டைக்கு நிண்டு சிரிச்சனி. வா, ஏறி அதையும் சொல்லு!”

மில்ரன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தான். அலெக்ஸாண்டர் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் முன்பள்ளி வேலிக்கு மேலால் புற்றரையை நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, “சொட்டை விழுந்திருந்தாலும் பச்சைதான். விழாவை இதிலயே வைப்பம்” என்று ஒருவருக்கும் சொல்லாததுபோலச் சொல்லிவிட்டுப் போனார். புல் பிழைத்துவிட்டது. அவள் பட்ட கடன் அப்படியே நின்றது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில் ஒரு பின்னேரம் றஞ்சிதம் சிலாவத்துறைக்கு பஸ் ஏறினாள். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தாள். படலையைத் திறந்தது சபூரா. உள்ளே வரச் சொல்லவில்லை.

“அவர் தொழப் பள்ளிக்குப் போயிட்டாரு.”

“சபூரா, நான் சந்தியில எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன், பிழை என்ர எண்டு.”

“கேள்விப்பட்டம். நீங்க ஏசினது எங்கட மூஞ்சிக்கு நேர வந்துச்சி. பிழையெண்டு சொன்னது பஸ்ஸில ஊர்க்கதையா வந்துச்சி.”

“அதுதான் நேர சொல்ல வந்தனான். மன்னியுங்கோ.”

“மன்னிக்கிறது அல்லாஹ்ட வேலை. எனக்கு இப்ப கோவம்தான் இருக்கு. அந்த மனுசன் ஒண்டரை மாசமா வண்டியை எடுக்கல்ல. ‘இனி எந்த ஊருக்குப் போறது, அங்கயும் ஒரு சந்தி இருக்கும்’ எண்டு சொல்றாரு. அதுக்கு என்ன தருவீங்க?”

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சபூரா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்ற றஞ்சிதத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். வெயிலுக்குள் இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு மிடறு தண்ணீரும் இல்லையா? பிறகு அந்தக் கோபம் போன வழியே திரும்பி வந்து அவளிலேயே விழுந்தது. சபூராவின் கோபத்தை நட்டவள் அவள்தான். நட்டவளுக்கு அதன் முள்ளைப் பற்றிப் பேச வாயில்லை.

வீட்டு வேலியை ஒட்டி நடந்தாள். வேலி முடிகிற இடத்தில் ஜுனைதீனின் சிறிய தோட்டத்துண்டு. முள்வேலி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே இரண்டு ஆடுகள் கத்தரி நாற்று மேடைக்குள் நின்று நிதானமாக மேய்ந்தன. ஒழுங்கையில் ஆளில்லை. வீட்டுக்குள் சபூரா தொழுகையில் இருந்தாள்.

‘சபூரா!’ என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் சபூரா ஓடி வருவாள். வந்து பார்த்தால் நன்றி சொல்ல வேண்டிவரும். தன் கணவனை ஏசியவளுக்கு அவள் நன்றியும் சொல்ல வேண்டுமா? றஞ்சிதம் வாயை மூடிக்கொண்டு சரிவைத் தாண்டி உள்ளே போனாள்.

“போ சனியனே! ஆற்ற உழைப்பைத் தின்னுறாய்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், ஆடுகளைத் துரத்தினாள். மிதிபட்ட நாற்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்து, விரலால் அழுத்திவிட்டாள். தின்றது போக நுனி மிஞ்சியவை தளிர்க்கும் என்று தெரியும். ஒழுங்கையோரம் கிடந்த உடைமர முள்ளை இழுத்துவந்து, சரிந்த இடத்தில் அடைத்து, பனைநார் போட்டு இறுக்கினாள். முள் உள்ளங்கையைக் கிழித்தது. பீப்பாயில் கிடந்த தண்ணீரைத் தகரப் பேணியால் மொண்டு, வேர் நனையுமட்டும் ஊற்றினாள். பாதைப் பக்கமிருந்து பஸ் ஹோர்ன் கேட்டது. அவள் போகவேண்டிய பஸ். அது போனது. இன்னும் ஒரு வரி நாற்று மிச்சமிருந்தது, அதற்கும் ஊற்றினாள்.

பள்ளியிலிருந்து ஆட்கள் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆட்டில் கோபம், வலையில் கோபம், தன் நாக்கில் கோபம். பேணியை எடுத்த இடத்திலேயே முன்பு இருந்தபடி கவிழ்த்து வைத்தாள். பிறகு குனிந்து, ஈர மண்ணில் பதிந்திருந்த தன் செருப்பு அடையாளங்களை உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு, பாதைப் பக்கம் நடந்தாள்.